பெயர்ப்பலகையும் வெப்சைட் மாமியும்

உலகத்தில் உள்ள அத்தனை தேசத்துப் பெண்களின் சண்டைகளையும் ஒரே ஆளாகத் தலையில் தூக்கிக்கொண்டு கல்கத்தா சால்ட் லேக்கில் நடமாடியவர் வெப்சைட் மாமிதான். இப்போது நியூ டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் இங்கே இருந்தவரை நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். குக்கர் ஒரு விசில் கூடுதலாக அடித்தாலே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிற ஆள் நான்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தக் கட்டிய ஓர் அறையில், இட்லி மாவு அரைத்து விற்கிறேன். காகிதம் எதுவும் கிடையாது. அசோசியேஷன் செகரட்டரி பாபு ஒரு தலையாட்டலில் கொடுத்த இடம். இன்னொரு தலையாட்டலில் போய்விடும். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன்.

மாமி மத்திய அரசு ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் பதினோரு மணிக்குப் பாத்திரமும் போனுமாக வருவார். "இன்னிக்குச் சிலி தேசம்டி" என்பார். மறுநாள் கொரியா, அதற்கு மறுநாள் போலந்து. எந்தப் பாஷையில் இருந்தாலும் போனே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுமாம். எந்த ஊரில் பெண்கள் சட்டிபானையைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள், எந்த ஊரில் ஒளித்து வைத்த கேமராவுக்கு எதிராகக் கூடினார்கள் என்பதெல்லாம் நான் மாவு நிறுத்து முடிப்பதற்குள் அவருக்குச் சொல்லியாக வேண்டும். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்தப் பக்கத்தைத் திறந்தால் எந்த போலீஸ் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"மாமி, நீங்க படிக்கது அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சு, இங்க தேடி வந்துட்டாங்கன்னா என்ன செய்ய?"

"வரட்டுமேடி. உனக்கு ரெண்டு கிலோ மாவு கூட விக்கும்."

ஒருநாள் வேறொரு தேசம். அங்கே பெண்ணின் பெயரை வெளியில் சொல்வதே வழக்கமில்லையாம். கல்யாணப் பத்திரிகையில்கூடக் கல்யாணப் பெண்ணின் பெயர் இருக்காதாம். அதனால் அந்தப் பெண்கள் தங்கள் பெயரை இணையத்தில் எழுதி எழுதியே போராடுகிறார்களாம். மாமி போனை அணைத்துவிட்டு எங்கள் வாசல் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பதினாறு வீடு, பதினாறு ஆண்கள், அடியில் 'மாவுக் கடை'. மாமியின் வீட்டுக்கு நேரே, இறந்து ஆறு வருஷம் ஆன மாமாவின் பெயர்.

மறுநாள் காலை ஒவ்வோர் ஆண் பெயருக்குக் கீழும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர். கடைசியில் 'மாவுக் கடை'க்குக் கீழே பேச்சியம்மாள். அது நான்.

அதிலும் மாமி ஒரு தப்பு செய்திருந்தார். வங்காளிகளுக்கு இரண்டு பெயர் உண்டு. ஊருக்குச் சொல்ல ஒரு நல்ல பெயர். வீட்டுக்குள் கூப்பிட ஒரு செல்லப் பெயர். செல்லப் பெயர் வாசலைத் தாண்டக் கூடாது. மாமியோ படிக்கட்டில் காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே டைப் அடித்து ஒட்டிவிட்டார். செகரட்டரியின் மனைவி ஹெட்மிஸ்ட்ரஸ், பள்ளிக்கூடமே நடுங்கும். அவர் பெயர் பலகையில் 'டுக்டுகி'. பால்காரர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனார்.

செருப்புச் சத்தம் கேட்டது. செகரட்டரி பாபு, அவருக்குப் பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ். யார் ஒட்டியது என்று செகரட்டரி வங்காள மொழியில் கேட்டார். கிரைண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாமி எழுந்தார். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"ஆமி" என்றேன். நான்தான்.

"பொய் சொல்றியேடி, கடங்காரி" என்று மாமி தமிழில் பல்லைக் கடித்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமி."

செகரட்டரி என் கிரைண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அதைத் தூக்கித் தெருவில் வைத்தாயிற்று. அப்போது ஹெட்மிஸ்ட்ரஸ் கணவரை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தன் நல்ல பெயரை எம்.ஏ. பட்டத்தோடு ஒரு காகிதத்தில் எழுதி நீட்டி, சாயங்காலத்துக்குள் மாற்ற வேண்டும் என்றார். எடுத்துவிடு என்று சொல்லவில்லை. மாற்று என்றார். செகரட்டரி திரும்பி மாடிப்படி ஏறிப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் மற்ற வீட்டு அம்மாக்களும் ஆளுக்கொரு திருத்தத்தோடு வந்துவிட்டார்கள். என் அறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாமி திருத்தங்களை அடுக்கிக்கொண்டே என்னைத் திட்டினார்: "பயந்தாங்கொள்ளி, உனக்கேண்டி இந்த வேலை? இடம் போயிருந்தா என்னடி பண்ணுவே?"

போயிருக்கும்தான். ஆனால் மாமியை ஒருவர் நிற்க வைத்துக் கேள்வி கேட்பதை நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே. அந்த ஒரு பயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்குச் சின்னதாகிவிட்டது.