மூன்று பள்ளிகளும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும்

ஒப்பிடும் தகப்பன் என்றொரு இனம் உண்டு. சின்ன ஊர்களில், அதிலும் பொதுத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு மேல் இருக்கிற ஊர்களில், அது நன்றாகச் செழிக்கும். எங்கும் தேடி அலைய வேண்டாம். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரைப் பாருங்கள், போதும்.

அவருடைய தொழிலே ஒரு கேள்விதான்: "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" வருகிறவர்கள் மூக்கின் மேல் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டது போதாதென்று, மகளுக்குப் பள்ளியில் சேரும் வயது வந்ததும் ஊரையே அப்படிக் கேட்கத் தொடங்கினார். ஆற்றோரப் பள்ளியில் நிழல் உண்டு, ஆனால் குழாய் ஒழுகுகிறது. சந்தைப் பள்ளியில் குழாய் ஒழுகவில்லை, ஆனால் இவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியை கொட்டாவி விட்டார் (வேறு யாராக இருந்தாலும் தூங்கியே போயிருப்பார்கள்). மேட்டுப் பள்ளியின் வாசல்கதவு கிறீச்சிடுகிறது, ஒரு கதவுக்கு எண்ணெய் போடத் தெரியாதவர்கள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்று அதை முதல் நாளே தள்ளிவிட்டார்.

மகளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

"பக்கத்து வீட்டுப் பாப்பா ஆத்தோரப் பள்ளில சேர்ந்துட்டாப்பா. நானும் அங்கதான்."

"அதெல்லாம் ஒரு காரணமாம்மா?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "வெள்ளிக்கிழமையோட சேர்க்கை முடியுதுங்க."

"அவசரப்பட்டா தப்பாப் போயிடும். இந்த வீட்டை எப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்?"

"மத்த ரெண்டு வீட்டுக்கும் ஆள் வந்துட்டாங்க. அதனால எடுத்தீங்க."

வெள்ளிக்கிழமை அவர் ஆற்றோரப் பள்ளியின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கரும்பலகை எழுத்து தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடியும் மறுகண்ணை மூடியும் பார்த்தார். தெரிந்தது. சரி, இதே பள்ளிதான் என்று திங்கட்கிழமை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். இடமில்லை. சந்தைப் பள்ளியிலும் இல்லை. இடம் மிச்சமிருந்த மேட்டுப் பள்ளியின் கதவுதான் கிறீச்சென்று திறந்தது.

வருத்தப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் கடையில், ஒரு கண்ணில் மட்டும் வில்லையோடு தவித்த ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கதவு சத்தம் போட்டா என்ன அர்த்தம்? ஒரு பிள்ளை தெரியாம வெளிய போக முடியாது சார். பாதுகாப்பு. மத்த ரெண்டு பள்ளிலயும் அது இருக்கா, சொல்லுங்க."

சாயங்காலம் மகளிடம் கேட்டார். "இப்பச் சொல்லு. அந்தப் பள்ளிக்கூடமா, நம்ம பள்ளிக்கூடமா?"

"அங்க பாப்பா இருக்கா."

"அதை விட்டுட்டுச் சொல்லும்மா."

அவள் காலணியைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் இப்போது ஒன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளில் எது மேல் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. 'நான் இவ்வளவு மோசமில்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டீர்கள் அல்லவா? யாரோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னீர்கள்?