சம்பந்தியின் காரும் கழலாத நட்டும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தங்கள் காரையும் சேர்த்துக்கொண்டால் அது பொய்யாகிவிடும்.

பிள்ளைகள் வீடு மாற்றுவதற்காகத் தாங்கள் பெரிய மனதுடன் கொடுத்த கார், திங்கட்கிழமை காலை தங்கள் வாசலில் நிற்க வேண்டும். சம்பந்தி அம்மாளின் கண் ஆபரேஷனுக்கு அதில்தான் போக வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. இன்று சனிக்கிழமை. கார் எங்கள் வாசலில் நிற்கிறது; நான் அதன் இடது முன்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் குரலைக் கேட்டால் ‘நல்லது, நல்லது’ என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. ஆகவே மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சாமான் இறக்கிவிட்டுத் திரும்புகையில், வேகம் கூடினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டது. சக்கரத்தின் பேரிங் தேய்ந்தால் அப்படிக் கேட்கும் என்று கார் பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்றில் பார்த்தேன். தங்களிடம் சொன்னால், கொடுத்த காரில் குறை கண்டவனாவேன். சொல்லாமல் திருப்பித் தந்தால், வாங்கிப் போய்க் கெடுத்தவனாவேன். கமுக்கமாக நானே சரிசெய்துவிடுவது உத்தமம் என்று தோன்றியது. பட்டறையில் விடலாம் என்றான் மகன். பட்டறைக்காரர் தங்களுடைய நண்பர் ஆயிற்றே! “மாமா, சும்மா குடுத்துடுங்க. அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்” என்றாள் தங்கள் மகள். அந்த ‘ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்’ கேட்டதும்தான் நான் ஜாக்கியைத் தேடி எடுத்தேன்.

பேரிங்கை எடுக்க அச்சின் நுனியிலுள்ள பெரிய நட்டைக் கழற்ற வேண்டும் என்பதால், முறைப்படி ஜாக்கி வைத்து, காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினால், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. இதை முந்தைய பக்கத்தில் போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும், போகட்டும், மறுபடி சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, என் மனைவியை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு ஸ்பேனரில் தொங்கினேன். நட்டு அசையவில்லை. என் இடுப்பு அசைந்தது. ‘ஐயோ’ என்றேன். உடனே கார் ஒரு முழம் நகர்ந்து, ஸ்பேனர் சுழன்று முழங்காலில் அடித்தது.

“ஏன் காலை எடுத்தே?”

“நீங்க ஐயோன்னு கத்தினா எட்டிப் பார்ப்பாங்களா, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களா?”

எதிர்வீட்டு மாடியிலிருந்து பல் டாக்டர் வேறு குனிந்து பார்த்து, “சார், அது ஆடாத பல்லு. எண்ணெய் விட்டு ஊறப் போடுங்க” என்றார். ஊறப் போட்டேன், என் வேட்டிதான் ஊறியது. பிடி நீளமானால் பலம் கூடும் என்று படித்தவன் ஆகையால், கொடியிலிருந்த இரும்புக் குழாயை உருவி ஸ்பேனரில் செருகி அழுத்தினேன். குழாய் வளைந்துவிட்டது. “இனி துணியை உங்க தோள்லதான் காயப் போடணும்” என்கிறாள் என் மனைவி. பிறகுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தோன்றியது. நட்டு திரும்பிவிடாதபடி அதன் விளிம்பை உளியால் அச்சின் பள்ளத்துக்குள் தட்டி அமுக்கியிருக்கிறார்கள். ஒரு தட்டு போதும் என்கிறது புத்தகம். இதில் இரண்டு தட்டு! இரண்டாவது தட்டைத் தட்டிய படுபாவி யாரோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் இந்தக் குழாயை அவனை விட்டே நிமிர்த்துவேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும். என்னால் ஆகாது என்று ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமைக்கு வாடகைக் கார் சொல்லிவிட்டேன், மறுக்கக் கூடாது. சம்பந்தி அம்மாளின் கண் நல்லபடியாகத் தெளிய வேண்டும், அதில் முதலில் தெரிவது என் முகமாக இல்லாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் மகளின் மாமனார்.

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி தங்களுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முனகல் பேரிங்கில் இல்லையாம்; எங்கள் சாமானுக்கென்று தாங்கள் புதிதாகக் காரின் கூரைமேல் மாட்டிய கேரியரில் காற்று மோதும் சத்தமாம். சம்பந்தி வீட்டார் ஏறுகிற வண்டி என்று பேரிங்கையும் புதிதாகப் போட்டு, பட்டறைக்காரர் தட்டியது போதாதென்று உளியை வாங்கி இன்னொரு தட்டு தட்டியது தாங்களேயாம். படுபாவி என்ற சொல்லை அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள். அதுகூடப் போகட்டும். டாக்டர் தேதியை மாற்றி ஆபரேஷன் நேற்றே முடிந்துவிட்டதாமே! காரைக் கேட்டால் நாங்கள் சங்கடப்படுவோம் என்று டாக்ஸியில் போய்வந்தீர்களாமே! பெற்ற மகளுக்குக்கூடச் சொல்லவில்லையாமே! இந்த மரியாதை நமக்குள் இன்னும் கொஞ்ச நாள் நீடித்தால் யாராவது ஒருவர் நிச்சயம் படுத்துவிடுவோம். மாலை பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் வருகிறோம். வாசலிலேயே நிற்கவைத்து என்னை நாலு வார்த்தை திட்டுங்கள். பதிலுக்கு நானும் ரெண்டு சொல்வேன். அப்புறம் உள்ளே வந்து சம்பந்தி அம்மாளைப் பார்க்கிறோம்.