பன்னிரண்டு பேருக்கும் ஒண்ணுமில்லை

மனிதர்களில் ‘ஒண்ணுமில்லை’க்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. மாடிப்படியில் எட்டுப் படி உருண்டு கீழே வந்து சேர்ந்து, கழன்ற செருப்பைத் தேடிக்கொண்டே, தூக்கிவிட ஓடி வருகிறவரிடம் “ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை” என்பார்கள். கொதிக்கிற டீயை வாய் நிறைய வாங்கிவிட்டு, கண்ணில் நீர் வழிய, அதையேதான் சொல்வார்கள். விழுந்தவர் அவர், ஆறுதல் நமக்கு.

நம் பெயின்டர் இந்த இனத்தில் முதல் தரம். நான்கு மாதமாக வேலையில்லை. படிப்பு நின்றுபோன மகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும். ஆகவே, புதிய மாத்திரையொன்றை விழுங்கிப் பார்க்கும் பன்னிரண்டு பேரில் ஒருவராக, ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் போய்ப் படுத்தார். பத்து நாள் முழுசாக இருந்தால்தான் பணம். உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று வாயைத் திறந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் நலம் விசாரிக்க ஒரு நர்ஸ் வேறு.

மூன்றாம் நாள் கண் விழித்தால் உலகமே நீலம். தலையணை நீலம், தட்டில் சோறு நீலம், நர்ஸ் உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலம். தொழில்காரர் அல்லவா? ‘ஆகாய நீலம், இரண்டு கோட்டிங்’ என்று கச்சிதமாகவே சொல்லியிருப்பார், சொல்லியிருந்தால்.

“கண்ணு, காது, வயிறு... ஏதாவது வித்தியாசமா இருக்காண்ணே?”

“ஒண்ணுமில்லைம்மா.”

பெயின்டருக்கு நிறம் போனால் பிழைப்பே போச்சு. மாலையில் வந்த டாக்டரிடம் மெல்ல இழுத்தார்.

“சும்மா தெரிஞ்சுக்கத்தான் டாக்டர்... இந்த மாத்திரையில என்ன இருக்கு?”

“அதுவா? ஒண்ணுமில்லைங்க.”

அட, இவரும் நம்மாள்! இருவரும் புன்னகைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள் விக்கிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டில்காரர் கதவென்று நினைத்துச் சுவரைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் ஒன்றுமில்லையாம்.

பணம் வந்தது, மகள் பள்ளிக்கூடம் போனாள், நீலம் மட்டும் போகவில்லை. அடுத்துக் கிடைத்த ஒரே வேலையில் வீட்டுக்காரர் கேட்டது இளமஞ்சள். இவர் கண்ணளவில் கலந்து, நாலு சுவரும் அடித்து முடித்தது பாசிப்பச்சை. “என்னப்பா இது?” என்று அவர் கேட்டபோது, பிரஷ்ஷைப் பிடித்தபடி இவர் நின்ற நிலையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ‘ஒண்ணுமில்லை’ இவருக்குக் கைகொடுக்கவில்லை.

மாத்திரை இப்போது கடைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு பேரிடம் சோதித்ததில் பக்க விளைவு ஏதுமில்லை என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். சளிக்கு நேற்று நீங்களும் ஒன்று போட்டுக்கொண்டீர்கள் போலிருக்கிறது. சரி, இந்தத் தாள் உங்களுக்கு என்ன நிறமாகத் தெரிகிறது? ஏன் கண்ணைக் கசக்குகிறீர்கள்? வேண்டாம், வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.