தாங்கி வாங்கிய லேத்

தாங்கி தன் மச்சானுக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. அந்தப் பணத்தில் வாங்கிய மரம் கடையும் லேத், இப்போது அவர் கண்ணெதிரிலேயே அறையை விட்டு நடந்து போய்க்கொண்டிருந்தது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே நடந்தது. சுவிட்சைப் போட்டதும் நாலு காலும் தடதடவென்று ஆட, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பியதுபோல வாசற்படியைப் பார்த்து நகர்ந்தது. தாங்கி ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தார். பிடித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஒயர் இழுபட்டுப் பிளக் கழன்று விழுந்ததால்தான் தெருவில் போகிறவர்கள் தப்பினார்கள்.

"ஏங்க, மெஷினை ஓட்டுறீங்களா, மேய்க்கிறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"பழக்கிட்டு இருக்கேன்" என்றார் தாங்கி, மூச்சு வாங்க.

தாங்கி என்பது அப்பன் ஆத்தாள் வைத்த பெயரில்லை. மரவாடியில் வருஷக்கணக்காகத் தோளில் மரம் தாங்கியதில் ஒட்டிக்கொண்ட பெயர். தாங்கித் தாங்கித் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இனிமேல் தூக்கினால் ஆள் சரிந்துவிடுவார் என்று ஆனபிறகுதான் லேத் யோசனை வந்தது. வீட்டின் பின்னறையில் நிறுத்தி, நாற்காலிக் கால் கடைந்து விற்றால் தோளுக்கு வேலை இல்லை.

பணம் தந்தவர் மனைவியின் அண்ணன். நாற்காலி கம்பெனியில் காலமெல்லாம் கடைசல் வேலை பார்த்து ஓய்ந்தவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். அவரே எடுத்துக் கொடுத்தார் என்றால் தங்கை முகத்துக்காகத்தான். ஒரு நிபந்தனை போட்டார்.

"வாங்கினவனுக்கும் குடுத்தவனுக்கும் தெரிஞ்சா போதும், மாப்பிள்ளை. உங்க வீட்ல சொன்னீங்கன்னா அது என் வீட்டுக்கு வந்துடும். அப்புறம் எனக்குச் சோறு கிடைக்காது. மெஷின் வந்ததும் சொல்லி விடுங்க, நானே வந்து நிறுத்திக் கடையக் கத்துத் தரேன்."

ஆகவே தாங்கி மனைவியிடம், மரவாடி முதலாளி போனஸாகக் கொடுத்தார் என்று சொல்லிவைத்தார்.

மெஷின் வந்தது. மச்சான் வரவில்லை. இங்கே வருவதற்காகப் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர், நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

சாவு வீட்டில் தாங்கிதான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். அழுகை நிஜம்தான். ஆனால் அழுகைக்கு அடியில், பாயில் மூட்டைப் பூச்சி ஊர்வதுபோல ஒரு நினைப்பு ஊர்ந்தது: சீட்டு இல்லை, சாட்சி இல்லை, கொடுத்தவரும் இல்லை. மச்சான் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அழுகை அடங்கட்டும், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரமும் அதையே நினைத்தார்.

நடக்கிற மெஷினைத் தரையில் துளை போட்டு போல்ட் வைத்து முடுக்கினார். மெஷின் நின்றது. வீடு நடக்க ஆரம்பித்தது. பரண்மேல் இருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. சுவர்க் கடிகாரம் மனைவியின் காலடியில் விழுந்து நமஸ்காரம் செய்தது.

மணல் மூட்டை நாலு கொண்டுவந்து மெஷினின் அடித்தட்டில் ஏற்றினார். ஆட்டம் அடங்கியது. அப்பாடா என்று மரத்தை மாட்டி உளியை வைத்தார். மரம் பிய்த்துக்கொண்டு பறந்து, காதோரம் 'உய்ங்' என்று போய்க் கதவைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

தாங்கி சுவிட்சை அணைத்தார். கதவைச் சாத்தினார். மெஷின் வாங்கியது முட்டாள்தனம் என்பதை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தார். சொல்லக்கூடிய ஒரே ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காலையில் இருவரும் கிளம்பிவிட்டால் வீடு பூட்டிக் கிடக்கும். அவர் மரவாடிக்கு, அவள் தையல் கம்பெனிக்கு. மறுநாள் சாயங்காலம் தாங்கிதான் முதலில் வந்து பூட்டைத் திறந்தார். பின்னறையிலிருந்து புது மர வாசனை வந்தது.

கதவைத் தள்ளினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூள் இன்னும் கீழே இறங்காமல் மிதந்துகொண்டிருந்தது. தரை முழுக்க மரச்சுருள். சுவரோரம் நான்கு நாற்காலிக் கால்கள், ஒரே வயிற்றில் பிறந்ததுபோல, இழை பிசகாமல் நின்றன. ஒன்றைத் தொட்டார். கோழி இப்போதுதான் எழுந்து போன முட்டைபோல வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னாலேயே மனைவி வந்துவிட்டாள். "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! நீங்களா கடைஞ்சீங்க?"

'நீயா?' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவள் முகம் மலர்ந்து கிடந்தது. அப்படி ஒரு பார்வையை அவர் கல்யாணத்தன்று கண்டதோடு சரி.

"பின்னே? மத்தியானம் ஒரு எட்டு வந்துட்டுப் போனேன்."

நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அவள் சும்மா இருக்கவில்லை. கால்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய், முக்குத் தெருவில் புதிதாக வந்திருந்த நாற்காலிக் கடையில் காட்டினாள். "எத்தனை குடுத்தாலும் எடுத்துக்கிறாராம்!" என்று ஆர்டரோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கால்கள் தயாராக நின்றன. மரவாடியிலிருந்து கட்டை கொண்டுவந்து போடுவது அவர் வேலை, கால்களைக் கடையில் சேர்ப்பது அவள் வேலை என்று ஆனது.

தாங்கி ராவும் பகலும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இது மனைவியின் வேலை. கடைசல்காரருக்குத் தங்கையாகப் பிறந்தவள்; கூடவே வளர்ந்து வேலையைப் பார்த்திருப்பாள். புருஷன் மானம் போகக் கூடாதென்று, தையல் கம்பெனியிலிருந்து நடுவில் வந்து ரகசியமாகக் கடைந்து வைத்துவிட்டுப் புகழை அவருக்குக் கொடுக்கிறாள். நெஞ்சு இளகிப் போனது. எழுந்துபோய் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

டம்ளரை வாங்கிய மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன தப்பு பண்ணீங்க?"

கால் விற்ற காசைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அது அவள் உழைப்பு, அவளே வைத்துக்கொள்ளட்டும். மேலும், காசுப் பேச்சை எடுத்தால் கடன் பேச்சும் வால் பிடித்துக்கொண்டு வந்துவிடுமோ என்று பயம்.

இப்படியே மாதங்கள் போயின. ஒருமுறை மனைவி, அண்ணி தனியாக இருக்கிறாளே என்று அங்கே போய் இரண்டு நாள் தங்கினாள். அந்த இரண்டு நாளும் சாயங்காலம் கால்கள் நின்றன.

தாங்கி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்த மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அண்ணி நல்லாத்தாங்க இருக்காங்க. வாடகை பாக்கி எல்லாம் கட்டிட்டாங்களாம். எப்படின்னு கேட்டா, 'உங்க அண்ணன் காசு'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. மனுஷன் எங்க ஒளிச்சு வச்சிருந்தாரோ!"

தாங்கியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒயரில்தான் ஏதோ கோளாறு, மெஷின் தானாக ஓடுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு மோட்டார் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். தானாக ஓடினாலும் தானாகக் கால் எப்படி விளையும் என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மெக்கானிக் மோட்டார்மேல் கையை வைத்தார். "இப்பத்தான் ஓடியிருக்கு. சூடு ஆறலை."

"நான் இப்பத்தானே உங்களோட வந்து பூட்டைத் திறந்தேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? மோட்டார் பொய் சொல்லாது." மெக்கானிக் ஒயரைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், உளிகளைப் பார்த்தார். "கோளாறு ஒண்ணும் இல்லண்ணே. நல்ல கை. ஓட்டுறவர் இடது கைக்காரரோ?"

"ஏன் கேக்குறீங்க?"

"உளியெல்லாம் இடது பக்கம் அடுக்கியிருக்கு. பிடியில படிஞ்ச அழுக்கும் இடது கை அழுக்கு."

தாங்கி வலது கைக்காரர். மனைவியும் அப்படியே. அவருக்குத் தெரிந்து இடது கையால் சாப்பிட்டு, இடது கையால் எண்ணி, இடது கையாலேயே முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தை நீட்டிய ஆள் ஒருவர்தான்.

அறையின் மூலையில் மரச்சுருள் ஒன்று, காற்றே இல்லாமல் மெல்லப் புரண்டு படுத்தது.

"அண்ணே, கூலி..." என்றார் மெக்கானிக். தாங்கி எவ்வளவு என்று பார்க்காமலே எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை லேத்தின் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு மரவாடிக்குப் போனார். பெல்ட் இல்லாமல் எவன் ஓட்டுகிறான் பார்க்கலாம். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். பெல்ட் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பிடி மரச்சுருள் இருந்தது. சூடாக.

அன்று தாங்கி சாப்பிடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வழக்கத்தைவிட இரண்டு கால் அதிகம். பெல்ட் ஒழுங்காக மெஷினில் மாட்டியிருந்தது. மச்சானுக்குக் கோபம் என்று புரிந்தது.

கடைசியாக ஒரு வழி தோன்றியது. மரம் இருந்தால்தானே கடைவார்? வீட்டில் இருந்த மரக்கட்டை அத்தனையையும் விடியற்காலையில் வண்டியில் ஏற்றி மரவாடியிலேயே கொண்டுபோய் இறக்கினார். விளக்குமாற்றுக் குச்சியைக்கூட விடவில்லை.

அன்று மனைவி முதலில் வந்துவிட்டாள். அவர் தெருமுனையில் வரும்போதே அவள் குரல் கேட்டது.

"ஏங்க! கட்டில் ஏன் படுத்திருக்கு?"

உள்ளே போய்ப் பார்த்தார். கட்டில் தரையோடு தரையாகக் கிடந்தது. அதன் பருத்த நாலு காலும் பின்னறையில் நின்றன, இடுப்பு சிறுத்து, பளபளவென்று, நாற்காலிக் கால்களாக.

"எங்க அம்மா சீதனமாக் குடுத்த கட்டில்! காலை அறுக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"நான் அறுக்கலை."

"அப்ப கட்டிலே கழட்டிக் குடுத்துச்சா?"

தாங்கிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கால் இல்லாத கட்டிலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போனஸ் பொய், மத்தியானம் வந்த பொய், மச்சானின் கடன், சொல்லாமல் தள்ளிப்போட்ட வாரங்கள், பெல்ட், இடது கை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"உயிரோட இருந்தப்பவே காசு விஷயத்துல விட்டவரில்லை எங்க அண்ணன். இப்ப மட்டும் விடுவாரா? விதவைக் காசை அமுக்கிட்டு உக்காந்திருந்தா அவர் கட்டிலோடவா நிறுத்துவாரு? அடுத்தது உங்க கால்தான்."

தாங்கி தன் கால்களை மெதுவாக மடக்கி வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாள் கால் வித்த காசு இருக்குல்ல, அப்படியே எடுத்துட்டுப் போய் அண்ணி கையில குடுத்துட்டுக் கால்ல விழுங்க."

"காசா? அது உன்கிட்டதானே இருக்கு?"

"என்கிட்டயா? 'கணக்கை உங்க வீட்டு ஆம்பிளைங்ககிட்ட முடிச்சுக்கறேன்'னு கடைக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரே! நீங்க வாங்கி, எனக்குக் கம்மல் எடுக்க ரகசியமாச் சேக்கறீங்கன்னு நான் வாயை மூடிட்டு இருக்கேன்."

"நான் கடைப் பக்கமே போனதில்லையே."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னறையில் லேத் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. ஓடிய மோட்டார் ஆறும்போது அப்படித்தான் சத்தம் வரும் என்று தாங்கி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருவரும் அன்று முன்கூடத்தில், விளக்கை அணைக்காமல் படுத்தார்கள்.

விடிந்ததும் தாங்கி கட்டில் கால் நான்கையும் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பணம் முழுவதும் கடைக்காரரிடம் அப்படியே சேர்ந்து கிடக்கும். வாங்கி நேராக மச்சான் வீட்டுக்குப் போய், மச்சான் படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டியதுதான். ஒரு காசு குறையாமல். வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார், யாரோ கூடவே நடந்து வந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

கடைக்காரர் வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். இங்கே யாரையும் தெரியாது. நாற்காலி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர், சாக்கைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கால்களை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"ஓ, நீங்கதான் மாப்பிள்ளையா?" என்று சிரித்தார்.

"ஐயா, இதுவரைக்கும் குடுத்த காலுக்கு மொத்தப் பணமும் இன்னைக்கே வேணும்" என்றார் தாங்கி. "ஒருத்தருக்குக் கடன் அடைக்கணும். தள்ளிப் போட முடியாது."

கடைக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"பணமா? அதான் உங்க மச்சான் தினம் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போயிடறாரே! இந்த நாலு காலுக்கும் நேத்தே முன்பணம் வாங்கிட்டாரு. இதோட உங்க கடன் அடைஞ்சு போச்சாம், நாளையிலேர்ந்து மெஷினை நீங்களே ஓட்டிக்கணுமாம், அவருக்குக் கை ரொம்ப வலிக்குதாம்."