கீழ்வீட்டுக் குரல்

பலகையை மாட்டிவிட்டு வர இரண்டு நிமிடம் போதும். ரோஸ்விதா போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அந்தப் பலகைக்கு இருக்கிற மரியாதை மேயருக்குக் கூடக் கிடையாது. யார் வீட்டுக் கதவில் அது தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது அவர்கள் வேலை. சனிக்கிழமை ஆனதும் அதைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டால், ஒரு மாதத்துக்குக் கவலையில்லை.

ரோஸ்விதா ஒருவழியாக மேலே வந்தாள். மூச்சு வாங்கியது. ஏறியதே ஒரு மாடிதான்.

"என்ன, பெர்லின்காரர் மாட்டேன்னுட்டாரா?" என்று கேட்டார் அவள் கணவர் ஒட்மார் பெக்லே.

கீழ்வீட்டில் பத்து நாள் முன்பு குடிவந்த லெம்கே தம்பதியர் பெர்லின்காரர்கள். படிக்கட்டு என்பது ஏறி இறங்க மட்டும்தான் என்று அந்த ஊரில் நினைப்பதாக ஒட்மாரின் கணிப்பு.

ரோஸ்விதா சோபாவில் உட்கார்ந்தாள். "கதவைத் திறந்தாரு. பலகையை வாங்கிக்கிட்டாரு. 'கவலையை விடுங்க. இனி இந்தப் படிக்கட்டு என் பொறுப்பு'ன்னாரு."

"நல்லதுதானே?"

"அதில்ல ஒட்மார். வான்ஸ் ஹாலர் குரல்ல சொன்னாரு."

"அந்த அமெரிக்க நடிகன் மாதிரி மிமிக்ரி பண்றாரா?"

"மிமிக்ரி இல்ல. அந்தக் குரலே இவருதான். முப்பது வருஷமா டப்பிங் பேசினாராம். ரிட்டயர் ஆயிட்டு இங்க வந்திருக்காரு. அப்புறம் மார்க்கெட்டுக்கு எப்படிப் போகணும்னு கேட்டாரு. நாலு தடவை சொன்னேன்."

"ஒரு தடவை சொன்னா புரியாதா அவருக்கு?"

"புரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் 'ரொம்ப நன்றி'ன்னாரு. அதுக்காகத்தான்."

அந்த நாட்டில் எந்த வெளிநாட்டு நடிகனும் சொந்த வாயால் பேசியதில்லை. கௌபாயோ ரோமாபுரி மன்னனோ, டிவிக்குள் நுழைந்ததும் சுத்தமான ஜெர்மன் பேசுவான். ஒவ்வொரு நடிகனுக்கும் பெர்லினில் ஒரு தொண்டை உண்டு. வான்ஸ் ஹாலரின் முகத்தை விட அந்தத் தொண்டைக்குத்தான் ரோஸ்விதா முப்பது வருடமாக உருகியிருக்கிறாள் என்பது ஒட்மாருக்கு இப்போதுதான் தெரிந்தது. முகம் அமெரிக்காவில் இருந்தவரை தொல்லை இல்லை. தொண்டை பதினெட்டுப் படிக்குக் கீழே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, காப்பியும் கேக்குமாக உட்கார்ந்து வீட்டில் ஒரு படம் பார்ப்பது பெக்லே தம்பதியரின் நாற்பது வருடப் பழக்கம். படத்தை அவர்கள் பார்த்தார்கள் என்று சொல்வதை விட, ஒட்மார் சொல்ல ரோஸ்விதா கேட்டாள் என்பதே சரி. அவர் திரைச்சீலை வியாபாரி. ஊரெல்லாம் திரையைப் பார்த்தால் அவர் திரைச்சீலையைப் பார்ப்பார்.

"மகாராணி அரண்மனையில பாலியெஸ்டர். முன்னூறு வருஷத்துக்கு முந்தி அதை யார்கிட்ட வாங்கினாங்களோ, அவன்கிட்டதான் நாட்டையே குடுத்திருக்கணும்."

"சலூன்ல இருபது பேர் சுட்டாச்சு. ஜன்னல் திரையில ஒரு ஓட்டை இல்ல. அந்தத் துணியில சட்டை தைச்சுப் போட்டிருந்தா ஒருத்தனும் செத்திருக்க மாட்டான்."

கடையின் கடைசி அலமாரி வரைக்கும் கேட்கப் பேசிப் பழகிய குரல். ரோஸ்விதா சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டிக்கொள்வாள். படம் நன்றாக இல்லாத நாட்கள்தான் இன்னும் நன்றாக இருக்கும்.

பலகை கைமாறிய மறுநாள் வான்ஸ் ஹாலர் படம். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கிறவன், புயலில் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். ஒட்மார் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"கடல்காத்து அடிக்கிற இடத்துல எவனாவது வெல்வெட்..."

"கொஞ்சம் சும்மா இரு. அவரு பேசட்டும்."

ஒட்மார் வாயை மூடினார். நாற்பது வருடத்தில் வாடிக்கையாளர்கள் அவரிடம் பேரம் பேசியிருக்கிறார்கள், துணியை முகர்ந்து பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள். சும்மா இரு என்று யாரும் சொன்னதில்லை. அவர் வீட்டில் அவர் இடம் போய்விட்டது. போட்டியாளர் வாடகை கூடக் கொடுக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

எதிர்க்கடையில் ஒரு சரக்கு நன்றாகப் போனால், அந்தச் சரக்கே இல்லாத தெருவுக்குக் கடையை மாற்ற வேண்டியதுதான். ஹாலர் இல்லாத படமாகப் பார்த்துத் தேடினார் ஒட்மார்.

அடுத்த ஞாயிறு ஓர் இத்தாலியச் சிரிப்புப் படம். பன்னிரண்டாவது நிமிடம் ஒரு பாதிரியார் உள்ளே வந்து, "குழந்தாய், அழாதே" என்றார்.

"அவருதான்," என்றாள் ரோஸ்விதா, கேக்கைக் கீழே வைத்துவிட்டு.

அதற்கடுத்த ஞாயிறு சீனாக்காரர்களின் வாள்சண்டை. மலைமேல் நின்ற வில்லன் லெம்கேயின் குரலில் பழி வாங்குவேன் என்றான். ரோஸ்விதா வில்லன் பக்கம் சாய்ந்துவிட்டாள். ஒட்மார் நடிகர்களே வேண்டாமென்று பென்குயின்களைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தாவினார். "பனியில், முட்டையைக் காலில் சுமந்தபடி, தந்தை காத்திருக்கிறார்," என்று லெம்கே சொன்னார். ரோஸ்விதா கண்ணைத் துடைத்தாள்.

"எத்தனை பொறுப்பான அப்பா," என்றாள், ஒட்மாரை ஒரு பார்வை பார்த்து.

"எனக்கும் முட்டை இருந்தா சுமந்திருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. கீழே எங்கோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. லெம்கேயின் மனைவி, ஃபிராவ் லெம்கே போலிருக்கிறது. மனைவியையும் சிரிக்க வைக்கிறான் பாவி, என்று ஒட்மாருக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. டிவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் அசல் மொழியிலேயே ஓடும், கீழே எழுத்தில் ஜெர்மன் வரும். அந்தப் பொத்தானை அந்த ஊரில் யாரும் தொட்டதில்லை. வான்ஸ் ஹாலரின் சொந்தக் குரலைக் கேட்டால் மாயை கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டு அழுத்தினார். ஹாலர் வாயைத் திறந்தான். ஜலதோஷம் பிடித்த வாத்து மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ரோஸ்விதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரு இது?"

"ஹாலர்."

"ஹாலர் இல்ல. யாரோ ஹாலருக்குப் பேசறான்."

"அவனேதான் பேசறான். அவன் வாய், அவன் நாக்கு."

"வாயைப் பாரு, ஒட்டவே இல்ல. செலவைக் குறைக்கத் தெருவுல போன எவனையோ கூப்பிட்டுப் பேச வச்சிருக்காங்க. லெம்கேக்குத் தெரியுமோ தெரியாதோ. அவரு குரலைத் திருடி, அதுக்குப் பதிலா இந்த வாத்தை..."

"ரோஸ்விதா, அசல் இதுதான்."

"எது அசல்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா கேக்கறேன்."

அவள் பிளம்ஸ் கேக்கில் பாதியை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு, லெம்கேயை எச்சரிக்கக் கீழே போய்விட்டாள். ஒட்மார் வாத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம் கழித்து அவள் வெறும் தட்டோடு வந்தாள்.

"அவரு கோவப்படல. சிரிச்சாரு ஒட்மார். மூணு விதமா சிரிச்சுக் காட்டினாரு. காதலிக்குச் சிரிக்கிறது, எதிரிக்குச் சிரிக்கிறது, சாகும்போது சிரிக்கிறது."

"உனக்கு எது?"

"மூணுமே நல்லாத்தான் இருந்துச்சு."

பேச்சே இல்லாத படம் ஒன்று மிச்சமிருந்தது. கறுப்பு வெள்ளை, பியானோ மட்டும். அதில் யாரும் டப்பிங் பேச முடியாது. ஒட்மார் வெற்றியோடு காலை நீட்டினார். ரயில் நிலையத்தில் நாயகி பெட்டியோடு திரும்பினாள்.

"இந்த இடத்துல," என்றாள் ரோஸ்விதா மெல்ல, "அவரு 'போகாதே'ன்னு சொல்லியிருந்தா எப்படி இருக்கும்."

அதன்பின் படம் முடியும்வரை எந்த இடத்தில் லெம்கே என்ன சொல்லியிருப்பார் என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். இல்லாத சரக்குக்கும் கிராக்கி வந்துவிட்டது.

இனி சரக்கை வெளிச்சத்தில் விரித்துக் காட்டுவது ஒன்றே வழி. விளக்கடியில் பளபளக்கிற துணி வாசலுக்கு வந்தால் சாயம் தெரிந்துவிடும். ஒட்மார் தானே கீழே போய், ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கும் படத்துக்கும் இருவரையும் அழைத்தார்.

லெம்கே மட்டும் வந்தார். ஐந்தடி உயரம். வழுக்கை. முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. மீசையில் ஏற்கெனவே எதையோ சாப்பிட்ட அடையாளம். ஒட்மாருக்கு மனசு குளிர்ந்தது.

"உங்க வீட்டம்மா வரலையா?"

"அவளுக்குக் கீழேதான் வசதியாம்," என்றார் லெம்கே. காதலியைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்தவன் குரலில்.

ரோஸ்விதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்றார் ஒட்மார்.

"ஒண்ணுமில்ல. இப்படித்தான் அவரு நல்லாத் தெரியறாரு."

லெம்கே காப்பியில் கேக்கைத் தோய்த்தார், உறிஞ்சினார், சட்டையில் சிந்தினார். எல்லாம் ஒட்மார் ஆசைப்பட்டபடியே நடந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. "கிரீமை இந்தப் பக்கம் தள்ளுங்களேன்" என்று அவர் கேட்டபோது, கண்ணை மூடியபடியே சரியாக அவர் கைக்கு நீட்டினாள் ரோஸ்விதா.

படம் ஓடியது. மலையோரச் சத்திரத்தில் ஒரு காதல் கதை. ஜன்னலில் கோடு போட்ட திரை, கோடுகள் குறுக்குவாட்டில் வரும்படி தொங்கியது. ஒட்மாரின் நாக்கு துடித்தது. வம்புக்கென்றே வாயைத் திறக்கவில்லை. லெம்கேயும் பேசவில்லை. அடிக்கடி ஒட்மாரையே திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டார் பாதியில்.

"நான் சொல்ல என்ன இருக்கு. பேசறது உங்க தொழில்."

லெம்கேயின் முகம் தொங்கிப்போனது. படம் முடியுமுன்பே, வீட்டில் தேடுவாள் என்று எழுந்து போய்விட்டார். நான் பேசாததையும் குறையாகச் சொல்லிவிட்டுப் போகிறான் பார், என்று ஒட்மார் அதோடு முடிவு செய்தார். இனி இந்த வீட்டில் படம் பார்க்கும்போது தன் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

வரவும் இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு போர்ப் படம், ஒட்மார் கேக்கை மென்றார். அதற்கடுத்த ஞாயிறு பேய்ப் படம். பேய் பிய்ந்த ஜன்னல் சீலையைப் போர்த்திக்கொண்டு வந்தது. அதற்கும் அவர் பேசவில்லை. ரோஸ்விதா முதலில் நிம்மதியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பேய் வந்தபோது அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பேய் போர்த்தியிருக்கிறதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒண்ணும் தோணலையா?"

"அவரு பேசட்டும்."

ரோஸ்விதா தட்டுகளை அடுக்கினாள். அன்று பாதிப் படத்திலேயே எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

மூன்றாவது ஞாயிறு கொலைக்கதை. கொலைகாரன் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். நல்ல கனமான துணி, ஆனால் நாலு அங்குலம் குட்டை. கீழே இரண்டு பூட்சும் தெரிந்தன. போலீஸ்காரர் அதைப் பார்க்காமல் அறை முழுக்கத் தேடினார். ஒட்மாருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார். ரோஸ்விதா பூட்சைப் பார்த்தாள், ஒட்மாரைப் பார்த்தாள், மறுபடி பூட்சைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ கெஞ்சல் இருந்தது போலத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

ஒட்மார் கதவைத் திறந்தார். கம்பளிச் செருப்போடு, தோளில் சால்வையோடு ஃபிராவ் லெம்கே நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் நான்கு படி கீழே, தலையைக் குனிந்தபடி கணவர்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் ஹெர் பெக்லே. உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லையே."

"தொண்டைக்கு?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. ஏன், டிவி சத்தம் ஜாஸ்தியா? குறைச்சுடறேன்."

"குறைச்சா நல்லதுதான். ஆனா நான் வந்தது அதுக்கில்ல," என்றார் அந்த அம்மாள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி திரும்பியே பாராமல் கையைக் காட்டி அடக்கினார். "இவரு குரலைத்தான் முப்பத்தஞ்சு வருஷமா கேட்டாச்சு. இங்க வந்ததுலேருந்து ஞாயித்துக்கிழமை மூணு மணி ஆனா, உங்க சோபாவுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, நீங்க பேசறதைக் கேக்கத்தானே உக்காந்திருக்கேன். சொல்லுங்க, இன்னைக்குத் திரை எப்படி?"