நாலாவது பெயர்க்காரர்

திண்டுக்கல் சீமையில் மருத்துவ ஆராய்ச்சிக்கு உழைப்பைக் கொடுத்தவர்கள் உண்டு. ரத்தத்தைக் கொடுத்தவர்கள் ஏராளம். ஆனால் பெயரை மட்டும் கொடுத்தவர் என்றால் எனக்குத் தெரிந்து நாலு சார் ஒருவர்தான்.

அது ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. எது என்று சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். நான் சமூக மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவர் உடலியங்கியல் பேராசிரியர். அவருடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். கல்லூரியிலிருந்து எந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தாலும், எழுதியவர்கள் வரிசையில் நாலாவது இடத்தில் அவர் பெயர் உட்கார்ந்திருக்கும். காய்ச்சலைப் பற்றிய கட்டுரையா, நாலாவது அவர். கண்புரையா, அவர். மகப்பேறு பற்றிய கட்டுரையிலும் கூச்சமில்லாமல் நாலாவதாக நின்றார். அதனால் நாலு சார். கேன்டீன் மாஸ்டர் மட்டும் அந்தப் பெயருக்குக் காரணம் தன்னுடைய உருளைக்கிழங்கு போண்டா என்று கடைசிவரை நம்பினார். எண்ணிக்கை அங்கேயும் பொருந்தி வந்தது.

பெயரை அவர் உள்ளே நுழைக்கும் விதம் ஒரு தனிக் கலை. லிஃப்டுக்கு எதிரே அவர் அறை. லிஃப்டுக்குக் காத்து நிற்கும் முதுநிலை மாணவர்கள் எல்லோரும் அவருக்கு இரைதான். ஒரு மாணவி அப்படி மாட்டியதை நானே பார்த்தேன்.

"ஏனுங்க அம்மிணி, என்ன ஸ்டடிங்க?" ஒட்டன்சத்திரத்துக்காரர். மாணவிக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

"நெசவாளருங்க முதுகுவலி பத்தி சார்."

"தலைப்பு எப்படி வருதுங்க?"

"ஸ்டடி ஆன் பேக் பெயின்..."

"முன்னாடி ஒரு ‘ஏ’ போடோணுமுங்க. ‘ஏ ஸ்டடி’. இல்லீனா மொட்டையா நிக்குது பாருங்க." மாணவி தலையாட்டினாள். "போட்டுட்டீங்களா? சரீங்க. என்ர இனிஷியல்ல புள்ளி வெக்க மறந்துராதீங்க."

ஒரே ஓர் ஆங்கில எழுத்து. சின்னாளபட்டிக்கு நடையாய் நடந்து, தறிக்குழிக்குள் உட்கார்ந்தவர்களை எழுப்பி நிற்கவைத்து, முதுகை அளந்து, அந்தப் பெண் ஒரு வருடம் மெலிந்தாள். ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு இவர் போண்டா சாப்பிடப் போனார்.

ஏன் எப்போதும் நாலாவது என்று ஒருமுறை துணிந்து கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அக்கறையாகக் கேட்கிறேனே என்று நெகிழ்ந்தே போனார்.

"மொதப் பேருக்கு வேலை செய்யோணுமுங்க. ரெண்டாவது ஆளு மொத ஆளுக்கு வேலை செய்யோணும். மூணாவது ஹெச்.ஓ.டி.க்கு வேண்டியவனா இருக்கோணும். நாலாவது ஆள மட்டும் ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டானுங்க. நல்ல காத்தோட்டமான எடம்."

கல்லூரியின் மற்ற விசேஷங்களிலும் அவருக்கு இதே கொள்கைதான். வளாகத்தில் பொங்கல் வைத்தபோது செவிலியர்கள் கண்ணெரிய அடுப்பூதினார்கள். பானை பொங்கியதும் முதல்வர் வந்தார். பக்கத்தில் நின்றவர் நாலு சார். "வெல்லம் சரியா இருக்குதுங்களா?" என்று அவர் கேட்ட தோரணையில், கரும்பை நட்டதே அவர்தான் என்று முதல்வர் நினைத்திருப்பார். கிளார்க் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையில் ‘நல்வரவை நாடும்’ பகுதியில் இவர் பெயரும் இருந்தது. எப்படி என்று மணமகனைக் கேட்டால், "ப்ரூஃப் பாக்குறேன்னு வாங்குனாரு மேடம். திரும்பி வரும்போது அவரும் அதுல இருந்தாரு" என்றார்.

இப்படிக் காற்றோட்டமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு பூ வண்டி வந்து மோதியது.

நான் சேர்வதற்கு முன்பு எங்கள் துறை நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகை ஊரில் ஆராய்ச்சி செய்திருந்தது. பூப்பறிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி. விடியும் முன்பே வெறும் வயிற்றோடு தோட்டத்தில் இறங்குகிறவர்கள் என்பதால் சர்க்கரை பார்க்க ரொம்ப வசதி என்று எங்கள் துறைத்தலைவர் பூரித்துப்போனாராம். முகாம் போட்டு, ரத்தம் எடுத்து, ஆளுக்கு ஒரு வாழைப்பழமும், "ரிசல்ட்டை நாங்களே கொண்டுவந்து தருவோம்" என்ற வாக்கும் கொடுத்தார்கள். அதில் வாழைப்பழம் மட்டும் உண்மை. ரிசல்ட் கட்டுரையாகி, கட்டுரை கருத்தரங்குக்குப் போய், கருத்தரங்கில் துறைத்தலைவருக்குச் சால்வையும் கிடைத்தது. ஊருக்குப் போக மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் காலை, மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு அதே வேனில் பெண்கள் நேராகக் கல்லூரிக்கு வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் முத்துப்பேச்சி. அவர் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்; அந்தக் கட்டுரையைப் போனில் தேடி எடுத்து, எழுதியவர்கள் பெயரையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். படிப்பு எவ்வளவு ஆபத்தானது என்று துறைத்தலைவருக்கு அன்றுதான் புரிந்தது.

பெண்கள் மாடி ஏறுவதற்குள் துறை காலியாகிவிட்டது. முதல் பெயர்க்காரரான துறைத்தலைவருக்குத் திடீர் மீட்டிங். இரண்டாமவருக்குப் பல்வலி. மூன்றாமவர் ஸ்டோர் ரூமில் ஸ்டாக் சரிபார்க்கப் போனார். சாயங்காலம் வரை ஸ்டாக் சரியாகவில்லை. மிச்சம் நான். கட்டுரைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதால் எனக்கு ஓடவும் தோன்றவில்லை.

"ஏத்தா, அம்புட்டு ரத்தத்த உருவிட்டுப் போனீகளே, என்னாச்சுன்னு ஒரு வார்த்த சொன்னீகளா?" என்றார் முத்துப்பேச்சி. "மொத ஆளு இல்ல, ரெண்டாவது ஆளு இல்ல, மூணாவதும் இல்லங்கிற. அந்த நாலாவது ஆளு எங்க? அவராச்சும் உசுரோட இருக்காரா?"

நான் வெளியே வந்து நாலு சாருக்குப் போன் செய்தேன். எச்சரிக்கத்தான்.

"சார், செத்த நேரம் இந்தப் பக்கம் வராதீங்க. நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஆளுக வந்து உங்களத் தேடுறாங்க."

"என்னையவா? எதுக்குங்க?"

"அந்த மல்லிகைக் கட்டுரையில உங்க பேரப் பாத்தாங்களாம்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க அம்மிணி," என்றார். "படிச்சே பாத்தாங்களா?"

அத்தனை கட்டுரைகளில் பெயர் வந்தும் ஒரு மனிதர்கூட அதைப் படித்துவிட்டு அவரைத் தேடி வந்ததில்லை. வழக்கமாக லிஃப்ட் இல்லாமல் அசையாதவர் அன்று படியேறியே ஓடிவந்தார். வரும்போதே தலை வாரியிருந்தார்.

"நீங்கதேன் நாலாவது ஆளா?"

"ஆமாங்க. நானேதானுங்க." கையெழுத்துக் கேட்டாலும் கேட்பார்கள் என்று சட்டைப்பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்க ரத்தம் என்னாச்சு?"

சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். ‘இந்தக் கட்டுரையிலயும் நான் ‘ஏ’ மட்டும்தான் போட்டேன்’ என்று சொல்லி நழுவிவிடுவார் என்று நான் நினைத்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அவர் பார்வை ஓரமாக உட்கார்ந்திருந்த பாக்கியம் என்ற பெண்ணிடம் போய் நின்றது. செருப்பில்லாத ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ஈ மொய்த்தது.

"கால்ல என்னங்க?"

"முள்ளு குத்துனது சாரு. ஆறவே மாட்டேங்குது. மஞ்சப் பத்து போட்டிருக்கேன்" என்றார் பாக்கியம்.

"வலிக்குதுங்களா?"

"அதேன் அதிசயம். வலியே இல்ல."

ஆறாத புண், அதில் வலியும் இல்லை என்றால் சர்க்கரைதான் என்று நாலு சாருக்குத் தோன்றிவிட்டது. "எல்லாரும் உக்காருங்க, டீ வரும்" என்று சொல்லிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார்: "நம்ம லேப் எந்த மாடியிலீங்க?"

லேப் டெக்னீஷியன் அசையவில்லை. "ஹெச்.ஓ.டி. சொல்லாம ரிசல்ட் தர முடியாது சார்."

"அந்தக் கட்டுரைய எடுங்க தம்பி. அதுல என்ர பேரு இருக்குதா, இல்லையா?"

"இருக்கு சார். ஆனா நீங்க..."

"இருக்குதல்ல? அப்ப அது என்ர ரிசல்ட்டுங்க. எடுங்க."

இப்படி ஒரு வாதத்தை அவரைத் தவிர வேறு யாராலும் அவ்வளவு மனசாட்சியில்லாமல் சொல்ல முடியாது. டெக்னீஷியன் கம்ப்யூட்டரைத் திறந்தார். பாக்கியத்தின் சர்க்கரை அளவைப் பார்த்ததும் கேட்காமலே பிரிண்ட் எடுத்து நீட்டினார். ரத்தம் எடுத்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய அளவு. கட்டுரையில் அது சராசரிக்குள் கரைந்து, அழகான ஒரு பட்டை வரைபடமாகியிருந்தது.

பாக்கியம் வார்டில் சேர மறுத்தார். "நாளைக்குப் பூவுக்கு யாரு போறது? முகூர்த்த நாளு. முடிச்சிட்டு வாரேன்."

நாலு சார் அதட்டவில்லை. தரையில் குந்தி அந்தத் துணியை மெல்லப் பிரித்தார். நாடித்துடிப்பைப் படத்தில் வரைந்து காட்டியே காலம் தள்ளியவர், நோயாளியின் காலைத் தொட்டு எத்தனை காலமாயிற்றோ, முடிச்சை அவிழ்க்கவே வெகுநேரம் எடுத்தார். "இன்னிக்கே இங்க தங்குங்க. உங்க பங்குப் பூவ அவங்க பறிப்பாங்க" என்று முத்துப்பேச்சியைக் காட்டினார். முத்துப்பேச்சியிடம் அவர் அனுமதி எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாள் முறைத்துப் பார்த்துவிட்டு, "பறிக்கிறேன், பறிக்கிறேன். நீ படு" என்றார்.

பாக்கியத்தைச் சேர்த்துவிட்டு, மற்றவர்களோடு பூ வேனிலேயே கிளம்பினார். வராதவர்களுக்கும் ரிசல்ட் சொல்ல வேண்டுமே. வெறும் சாக்குகளின்மேல் நானும் அவரும் உட்கார்ந்து போனோம். ஊரில் பூ எடைபோடும் கொட்டகையின் பின்பக்கம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேராசிரியர் அல்லவா, முதல் பெண்ணிடம் ரத்தச் சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறப்பதிலிருந்து தொடங்கினார். அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"சாரு, எனக்கு ரத்தம் இருக்கா, இல்லையா?"

"கம்மியா இருக்குதுங்க."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

அடுத்தவளிடம் மஜ்ஜையைப் பாதியாகக் குறைத்தார். பொழுது சாய்வதற்குள் நல்ல டாக்டராகிவிட்டார்.

பாக்கியத்துக்கு ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது. முன்பே சொல்லியிருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்று அறுவைச் சிகிச்சை டாக்டர் சொன்னபோது நாலு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் வார்டுக்குப் போய் நின்றார். ஆபரேஷன் குறிப்பிலும் பெயர் கேட்பாரோ என்று அந்தத் துறையே கலங்கிப்போயிருந்தது.

கல்லூரி சும்மா இருக்குமா? அனுமதியில்லாமல் ஊருக்குள் போனதற்கு முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். என்னையும் சாட்சியாக நிற்கவைத்தார்.

"உங்களுக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு எழுதிக் குடுங்க சார். அதோட முடிச்சுக்கலாம். ஊர்க்காரங்க கேட்டாலும் உங்கள விட்டுருவாங்க."

நாலு சார் பேனாவை எடுத்து மூடியைக்கூடத் திறந்தார். அவருக்கு ஆசை இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

"பேரு போட்டப்ப சம்பந்தம் இருந்துச்சுங்களே, சார்" என்றார்.

எழுதிக் கொடுக்கவில்லை. லிஃப்டுக்கு எதிரே இருந்த அறை போயிற்று. தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் புது அறை. மாணவர்கள் யாரும் அந்தப் பக்கம் வர வழியில்லை.

கதை இங்கே முடிந்தால் அவரை மகான் என்று எழுதிவிடலாம். அடுத்த வருடம் ஒரு கட்டுரை வந்தது: ‘ஆய்வு முடிவுகளை மக்களிடம் திருப்பித் தருதல்: எங்கள் அனுபவம்’. மீட்டிங் போனவர், பல்வலிக்காரர், ஸ்டாக் பார்த்தவர் மூவரும் அந்த அனுபவத்தை உருக்கமாக எழுதியிருந்தார்கள். நாலாவது பெயர் முதல்வருடையது. நாலு சார் பெருந்தன்மையாகச் சிரித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கேன்டீன் பக்கமே வராமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். "வேன்ல சாக்கு மேல உக்காந்து போனது நானுங்க, அம்மிணி! என்ர பேண்ட்டுல பூக்கறை இன்னும் போகலீங்க!" என்று ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்தினார். போய்த் தேற்றவே எனக்கு ஒரு மாதம் வேலையிருந்தது.

பிறகு ஓய்வு பெற்றார். அதற்கப்புறமும் அந்த ஊருக்குப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார், யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு வெஞ்சனத்தில் உப்பு கூடுதல் என்று சண்டை பிடிக்கிறார் என்று முத்துப்பேச்சியின் மகள் சொன்னாள். இப்போது அவள் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

போன மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் அவர். பக்கத்தில் இடம் கொடுத்தார். முட்டிவலி, மருமகள், பஸ்ஸில் போடும் பாட்டு என்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே வந்தவர், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப்போனார். தலை என் தோளில் சாய்ந்தது. சின்னாளபட்டி வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். எழுந்தால் விழித்துக்கொள்வார். கண்டக்டரைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், நிலக்கோட்டைக்கு டிக்கெட் கேட்டேன்.