மொறிஸ் மைனருக்குப் பேய் பிடித்த கதை

கல்குடாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. சனம் முழுக்கப் பழைய ஹோட்டலுக்குப் போகும் றோட்டில்தான் நின்றது. அது 2003ஆம் ஆண்டு. சண்டைக்கு இடைவேளை விட்டிருந்தார்கள். அந்த ஹோட்டலில் பாதியைச் சூறாவளியும் மீதியைச் சண்டையும் தின்று ஏப்பம் விட்டிருந்தன. றோட்டு மட்டும் எப்படியோ தப்பி, அரை மைல் நேராகக் கிடந்தது. வைக்கோலுக்குள் ஒளித்து வைத்த பழைய கார்களையெல்லாம் இழுத்து வந்தார்கள். பின்சீற்றைக் கழற்றினார்கள், சைலன்சரை அறுத்தார்கள், முன்பக்கப் பொனற்றைக் கயிற்றால் கட்டினார்கள், இரண்டிரண்டாக ஓடவிட்டார்கள். தொடங்குமிடம் காவலரண் முன்னால் நின்ற தகரப் பீப்பாய், அதாவது பரல். முடியுமிடம் ஷெல் விழுந்த குழி. அதனால் பிரேக் பிடிக்க யாரும் மறந்ததில்லை.

எஞ்சினை மட்டும் நம்பி ஓட நம்மவர்களுக்கு என்ன பைத்தியமா? மந்திரத்தால் எதையும் கட்டிப்போடுகிற கட்டுச்சாமியார் எதற்கு இருக்கிறார்?

மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நாடெல்லாம் ஒரு கதை உண்டு. அந்தக் கதையை வைத்தே வயிறு வளர்த்தவர் அவர். "மனிசனப் பாயில ஒட்டுறது பழைய வித்தை. நான் காரை றோட்டில ஒட்டுவன்!" என்றார். ஒட்டியும் காட்டினார்.

அவருடைய மடத்தில் பூசை செய்யாமல் ஒரு காரும் ஓடாது. தாங்கியைப் பெற்றோலால் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டுதான் வரவேண்டும். "குறைகுடத்தில தெய்வம் நிக்காது மகனே" என்பார். பிறகு கெட்டியான கரிய மையால் பொட்டு. ஒரு காருக்குப் பொனற்றில் வைப்பார், இன்னொன்றுக்குக் கதவில், வேறொன்றுக்குத் தாங்கி மூடியின் நடுவில். கேட்டால், "பேய் எங்க இரிக்கோ அங்கதான் பொட்டு" என்பார். அப்புறம் ஆலமரத்தை மூன்று சுற்று. அங்கிருந்து ஒரு மைல் ஊர்வலம். பரலடியில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பு.

விசில் அடித்ததும் ஒரு கார் பறக்கும். மற்றது இருமும், விக்கும், நடுறோட்டில் நின்றுவிடும். சாமியார் ஆடி அசைந்து வருவார். மூடியில் இருந்த பொட்டைத் துடைத்துவிட்டு மூடியைத் திருகுவார். "உஸ்ஸ்ஸ்ஸ்!"

"கேட்டீங்களா? பேய் போகுது!"

கொஞ்ச நேரத்தில் கார் சாதுவாக ஸ்ரார்ட் ஆகும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பேயின் மூச்சைத் தன் காதாலேயே கேட்டவன் எப்படி ஐயா சந்தேகப்படுவான்?

அழகரத்தினம் நான்கு ஞாயிறுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய மொறிஸ் மைனர் கல்குடாவிலேயே சுத்தமான கார். கிழமை நாட்களில் அதுதான் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கும் மீன்பெட்டியைச் சந்தைக்கும் கொண்டுபோனது. அது ஓடினால்தான் அவன் வீட்டு அடுப்பு எரியும். நாலாவது தடவையும் நின்றபோது சாமியார் பெருமூச்சு விட்டார். "இது சாதாரணப் பேயில்லை மகனே, முனி. அடுத்த ஞாயிறும் நிண்டுதெண்டால் காரை மடத்துக்கு விட்டுரு. இல்லாட்டி உன்ட குடும்பத்தைத் தின்னும்."

அழகரத்தினம் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். மடத்து முற்றத்தில் அப்படி விட்ட கார்கள் ஏற்கெனவே மூன்று நின்றன. அங்கே வந்த மறுநாளே அவற்றின் பேயெல்லாம் ஓடிவிட, வாழைச்சேனையில் வாடகைக்கு ஓடின. அதைக்கூட "சாமியின் சக்தி" என்றுதான் சனம் சொன்னது.

அவனுடைய மனைவி சின்னத்தங்கம் பந்தய றோட்டின் ஓரத்தில் தேத்தண்ணி விற்றாள். "பேய்க்குக் கார் ஓட்டத் தெரியுமோ? ஷெல்லுக்குப் பயப்படாத மனிசன் பொட்டுக்குப் பயப்படுறீங்க" என்று ஏசினாள். அவன் காதில் ஏறவில்லை.

ஐந்தாம் ஞாயிறு. எதிரில் புளியந்தீவு றூபெர்ட்டின் ஒஸ்ரின் கார். விசில் அடித்தது. ஒஸ்ரின் பறந்தது. மைனர் கால்வாசி தூரம் போய், விக்கி, நின்றது.

அழகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். இனி எதை ஓட்டுவது, எப்படிப் பிழைப்பது? சாமியார் வந்தார், துடைத்தார், திருகினார். உஸ்ஸ்ஸ்ஸ்! பிறகு கார்ச் சாவிக்கு உள்ளங்கையை நீட்டினார். "திறப்பைத் தா மகனே."

அதே நேரம் கடையில் சின்னத்தங்கம் தேத்தண்ணிக்குக் கட்டிப்பால் ஊற்ற, தகரப் பால்ரின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். இன்னொரு ஓட்டை போட்டாள். காற்று உள்ளே போக, பால் வெளியே ஓடிவந்தது. தினமும் செய்கிற வேலைதான். இன்றைக்கு அந்த ரின்னைப் பார்த்தாள், தூரத்தில் காரின் மூடியைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருப்பது, காரைக் கழுவுகிறவளுக்குத் தெரியாதா?

ஓடிவந்து சாமியாரைக் கும்பிட்டாள். "சாமி, காரைத் தாறம். முதல்ல வழமைபோல வலம் வாங்க. கடைக்குக் கண்ணூறு படுது, பூசக் கொஞ்சம் மையும் தாங்க."

சாமியாருக்கு உச்சி குளிர்ந்தது. மை கொடுத்தார். பந்தயம் முடிந்ததும் தன் வெள்ளைக் காரில் மூன்று தரம் மேலும் கீழும் வலம் வந்து ஆசி கொடுப்பது அவர் வழக்கம். பக்தர்கள் பாலுக்குப் பதில் பெற்றோல் படைத்ததால் அவருடைய தாங்கியும் எப்போதும் தளும்பும். சனம் குனிந்து கும்பிட்ட நேரத்தில், சின்னத்தங்கம் அந்தக் காரின் மூடிக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

முதலாம் வலம் சுகமாகப் போனது. இரண்டாவதில் வெள்ளைக் கார் இருமியது. மூன்றாவதில் விக்கி, சனத்தின் நட்டநடுவில் நின்றது.

"சாமிக்கே கட்டா!" என்று ஒருவன் வாயைப் பிளந்தான்.

சாமியார் இறங்கி, ஒன்றும் நடக்காதது போலத் தாங்கிப் பக்கம் நடந்தார். அங்கே சின்னத்தங்கம் மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள். "மந்திரத்தால அவிழுங்க சாமி. மூடியில மட்டும் கை வைக்கப்படாது."

சாமியார் மந்திரம் சொன்னார். சங்கு ஊதினார். சாம்பலை அள்ளி வீசினார். கார் அசையவில்லை. "வெயில் நேரம், மந்திரம் பலிக்காது" என்றார்.

"அப்ப மறுகா என்னத்துக்கு எங்கட காரை மட்டும் வெயிலில கட்டுறீங்க?" என்று அவள் கேட்டாள்.

சனம் சிரித்தது. காவலரணில் நின்ற ஆமிக்காரனும் பாஷை விளங்காமலே சிரித்தான். சின்னத்தங்கம் கையை எடுத்து, "றூபெர்ட், பொட்டைத் துடைச்சுத் திறங்க" என்றாள். அவன் திறந்தான். உஸ்ஸ்ஸ்ஸ்!

"இதுதான் பேய். வெளியால போற மூச்சில்லை, உள்ளுக்குப் போற காத்து. வாங்ககா, எல்லாரும் பாருங்க!" கடையிலிருந்து பால்ரின்னை எடுப்பித்துத் தூக்கிப் பிடித்தாள். ஒரு ஓட்டையை விரலால் அடைத்தாள், பால் நின்றது. விரலை எடுத்தாள், ஓடியது. அடைத்தாள், நின்றது. "மூடியில இருக்கிற துளையைப் பொட்டு அடைச்சிரும். காத்துப் போகாட்டி பாலும் வராது, பெற்றோலும் வராது. எஞ்சின் எதைக் குடிக்கும்?"

றூபெர்ட் தலையில் அடித்துக்கொண்டான். கராஜில் பிறந்து வளர்ந்தவன், அந்தத் துளை அவனுக்கே ஞாபகம் வரவில்லை. வராதுதான். வென்றவன் எதற்கு ஆராயப் போகிறான்?

"டேய், இந்தச் சாமி பழைய லொறிக் கிளீனர் விநாயகமூர்த்தியெல்லோ!" என்று பின்னால் ஒரு குரல் வந்தது. சாமியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் பாய்ந்தார். ஊரையெல்லாம் றோட்டில் ஒட்டியவரின் கால் மணலில் ஒட்டவேயில்லை. அன்று பின்னேரமே மூன்று கார்களும் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தன.

பந்தயத்தை மறுபடி ஓடினார்கள். இந்த முறை மைனர் விக்கவில்லை, குழி வரைக்கும் சீறிக்கொண்டு போனது. ஆனாலும் றூபெர்ட் ஒரு முழம் முந்திவிட்டான். அழகரத்தினம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இறங்கினான். "பேயில்லாமத் தோத்துட்டன் மச்சான்! அடுத்த கிழமை காபுரேற்றரை மாத்திப்போட்டு வாறன்."

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிறு சின்னத்தங்கத்தின் கடைக்கு முன்னால் சனம் வரிசையில் நின்றது. பால்ரின்னுக்கு யாரோ பூ வைத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் கைகூப்பி, "அம்மா, என்ட காருக்கும் ஒருக்கா இந்த ரின்னைக் காட்டி விடுங்க" என்றார்.

சின்னத்தங்கம் பூவை எடுத்து எறிந்தாள். "பால்ரின்னுக்கே ரெண்டு ஓட்டை வேணும். நீங்க உங்கட தலைக்குக் காத்துப் போக ஒரு ஓட்டையாவது விடுங்க!"